மூன்று நொடி ஓட்டம்

காற்பந்தாட்டத்தில் பின்தங்கியிருக்கும் அணிக்கு எதிரிகள் இருவர். ஒன்று எதிரணி, மற்றொன்று கடிகாரம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களே இருக்கும்போது மூன்று கோல் பின்தங்கியிருக்கும் அணி, எவ்வளவு திறமையாக ஆடினாலும் மீள்வது அரிது. முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தன் ஆட்டக்காரர்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடும்.

பேஸ்பால் ஆட்டத்தில் அப்படி நேரத்தைக் கடத்தி வெல்ல முடியாது. ஆட்டம் இத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்ற வரம்பு அதற்கு இல்லை. முன்னணியில் இருக்கும் அணி எதிரணியின் கடைசி மட்டையாளரையும் ஆட்டமிழக்கச் செய்தே ஆக வேண்டும். அதுவரை வெற்றி உறுதி இல்லை. தோல்வியும் உறுதி இல்லை. இந்த உண்மையை உலகுக்கு மிகத் தெளிவாகக் காட்டிய ஆட்டங்களுள் ஒன்று, 2004ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இரவு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடைபெற்றது. அந்த ஆட்டத்தின் போக்கை மாற்றியவர், அன்று ஒருமுறைகூட மட்டையைச் சுழற்றாத ஓர் ஆட்டக்காரர். அவர் செய்தது ஏறத்தாழ மூன்று நொடி நீடித்த ஓர் ஓட்டம் மட்டுமே.

ஆட்டத்தின் அமைப்பு

அந்த மூன்று நொடிகளின் மதிப்பை உணர, பேஸ்பால் ஆடப்படும் முறையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. பள்ளிகளில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு ஆட்டங்களும் நெருங்கிய உறவுடையவை.

ஓர் அணியில் ஒன்பது பேர் ஆடுவர். திடலில் சாய்ந்த சதுர வடிவில் நான்கு தளங்கள் இருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே உள்ள தூரம் 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர். மட்டையாளர் நான்காவது தளமாகிய 'வீட்டுத் தளத்தின்' அருகே நிற்பார். பந்து வீசுபவர் அவரிடமிருந்து 18.44 மீட்டர் தொலைவில் நின்று பந்தை எறிவார். மட்டையாளரின் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் பந்து பிடிப்பாளர். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றைக் கடந்து மீண்டும் வீட்டுத் தளத்தை அடைந்தால் அவருடைய அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும்.

ஓர் ஆட்டத்தில் ஒன்பது சுற்றுகள் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும். மூன்று பேர் ஆட்டமிழந்தால் அந்த அணியின் முறை முடிந்துவிடும். வெளியூர் அணி முதலில் மட்டை பிடிக்கும். சொந்தத் திடலில் ஆடும் அணி பிறகு மட்டை பிடிக்கும். ஆகவே, ஒன்பதாவது சுற்றின் இரண்டாம் பாதி என்பது சொந்தத் திடல் அணியின் கடைசி வாய்ப்பு. ஒன்பது சுற்றுகள் முடிந்த பிறகும் ஓட்டங்கள் சமமாக இருந்தால், ஓர் அணி வெல்லும் வரை கூடுதல் சுற்றுகள் தொடரும்.

மேலும் இரண்டு விதிகள் இக்கட்டுரைக்கு முக்கியமானவை. முதலாவது, பந்து வீசுபவர் உரிய எல்லைக்கு வெளியே நான்கு பந்துகளை எறிந்து, மட்டையாளர் அவற்றை அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் அடிக்காமலேயே முதல் தளத்திற்கு நடந்து செல்லலாம். இரண்டாவது, ஒரு தளத்தில் நிற்பவர் அடுத்த தளத்திற்கு ஓடுவதற்கு மட்டையாளர் பந்தை அடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. எதிரணியினர் பந்தால் தம்மைத் தொடுவதற்குள் அடுத்த தளத்தைத் தொட்டுவிட முடியும் என்று நம்பினால் அவர் ஓடலாம். இதனைத் 'தளத்தைத் திருடுதல்' என்பர். பெயரில் திருட்டு இருந்தாலும் இது விதிகளுக்கு உட்பட்ட உத்திதான். பிடிபட்டால் மட்டும் தண்டனை உண்டு. ஓடியவர் ஆட்டமிழந்துவிடுவார்.

எண்பத்தாறு ஆண்டு காத்திருப்பு

அன்று மோதிய அணிகள் பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் யாங்கீஸும். இவ்விரண்டு அணிகளுக்கும் இடையே பகை நீண்டகாலமாக இருந்துவந்தது. ரெட் சாக்ஸ் 1918ஆம் ஆண்டில் 'உலகத் தொடர்' எனப்படும் இறுதிப் போட்டியில் வெற்றியாளர் பட்டம் வென்றது. அதன்பின், தன்னிடம் இருந்த பேப் ரூத் என்னும் மாபெரும் ஆட்டக்காரரை யாங்கீஸ் அணிக்கு விற்றுவிட்டது. அதுவரை ஒரு பட்டம்கூட வென்றிராத யாங்கீஸ், 2004ஆம் ஆண்டுக்குள் 26 பட்டங்களைக் குவித்திருந்தது. ரெட் சாக்ஸ் அணியோ ஒன்றைக்கூட வெல்லவில்லை.

வெற்றியை நெருங்கி நெருங்கித் தோற்றதுதான் பாஸ்டன் மக்களை மேலும் வருத்தியது. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ரெட் சாக்ஸ் இறுதிப் போட்டிக்குச் சென்றது. நான்கு முறையும் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. 'பேப் ரூத்தின் சாபம்' என்று மக்கள் பாதி விளையாட்டாகவும் பாதி நம்பிக்கையோடும் பேசத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டில் இறுதிப் போட்டிக்கு முந்தைய தொடரில் யாங்கீஸ் அணியிடமே, அதுவும் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் சுற்றில் தோற்றபோது, அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது.

மறு ஆண்டு அதே கட்டத்தில் அதே இரண்டு அணிகளும் மீண்டும் சந்தித்தன. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதலில் நான்கு வெற்றிகளைப் பெறும் அணி இறுதிப் போட்டிக்குச் செல்லும். முதல் மூன்று ஆட்டங்களையும் யாங்கீஸ் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் 19க்கு 8 என்ற கணக்கில், தன் சொந்த ஊர் மக்களின் கண் முன்னே நொறுங்கிப்போனது. வட அமெரிக்காவின் பேஸ்பால் பெருந்தொடரில் மூன்று ஆட்டங்களை வரிசையாகத் தோற்ற பிறகு ஒரு தொடரை வென்ற அணி அதுவரை ஒன்றுகூட இல்லை. நான்காவது ஆட்டத்திலும் தோற்றால் எல்லாம் முடிந்துவிடும்.

ஒன்பதாவது சுற்று

நான்காவது ஆட்டம் பாஸ்டனின் ஃபென்வே பார்க் அரங்கில் நடந்தது. 1912ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பழமையான அரங்கில் 30,000க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். மூன்றாவது சுற்றில் யாங்கீஸ் இரண்டு ஓட்டங்களை எடுத்தது. ஐந்தாவது சுற்றில் ரெட் சாக்ஸ் மூன்று ஓட்டங்களை எடுத்து முந்தியது. ஆறாவது சுற்றில் யாங்கீஸ் மேலும் இரண்டு ஓட்டங்களை எடுத்து 4க்கு 3 என்று மீண்டும் முன்னேறியது. அதன்பின் எட்டாவது சுற்று முடியும் வரை கணக்கு மாறவில்லை.

ஒன்பதாவது சுற்றின் இரண்டாம் பாதி தொடங்கியபோது நள்ளிரவை ஒட்டிய நேரம். யாங்கீஸ் அணிக்காகப் பந்து வீச நின்றவர் மரியானோ ரிவேரா. பனாமா நாட்டில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ரிவேரா, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காப்பாற்றித் தரும் பணியில் ஈடு இணையற்றவர். ஓய்வு பெறுவதற்குள் அவர் இவ்வாறு காப்பாற்றித் தந்த வெற்றிகள் 652. பின்னாளில், 2019ஆம் ஆண்டில், பேஸ்பால் புகழ் மண்டபத்திற்கு ஒரு வாக்குகூடக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆட்டக்காரரும் அவரே. அவரை எதிர்த்து மூன்று பேர் ஆட்டமிழப்பதற்குள் ஓர் ஓட்டத்தையாவது எடுக்க வேண்டும் என்பதுதான் ரெட் சாக்ஸ் அணியின் நிலை.

முதலில் மட்டை பிடித்தவர் கெவின் மிலார். அவர் பொறுமை காத்தார். ரிவேரா எறிந்த பந்துகளில் நான்கு எல்லைக்கு வெளியே போயின. மிலார் முதல் தளத்திற்கு நடந்தார். ஆனால், மிலார் வேகமாக ஓடக்கூடியவர் அல்லர். ரெட் சாக்ஸ் அணியின் நிர்வாகி டெர்ரி ஃபிராங்கோனா அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு மற்றொருவரை அனுப்பினார். பேஸ்பாலில் வெளியே அழைக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் மீண்டும் ஆட முடியாது. எனவே, நன்கு அடிக்கக்கூடிய ஒருவரை இழக்கத் துணிந்துதான் ஃபிராங்கோனா அந்த முடிவை எடுத்தார். திடலுக்குள் வந்தவரின் பெயர் டேவ் ராபர்ட்ஸ்.

காத்திருந்தவர்

ராபர்ட்ஸ் ஜப்பானின் ஒகினாவா தீவில் பிறந்தவர். அவருடைய தாயார் ஜப்பானியர். தந்தை அமெரிக்கப் படைவீரர். 2004ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியிலிருந்து அவரை ரெட் சாக்ஸ் பெற்றுக்கொண்டது. அவர் அணியின் நட்சத்திரம் அல்லர். பெரும்பாலான நாள்களில் மாற்று ஆட்டக்காரராகவே அமர்ந்திருப்பார். யாங்கீஸ் அணிக்கு எதிரான தொடரின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அவர் களமிறங்கவே இல்லை.

ஆனால், அவர் வெறுமனே அமர்ந்திருக்கவில்லை. எதிரணியின் பந்து வீசுபவர்கள் எப்படிக் காலைத் தூக்குகிறார்கள், எப்போது முதல் தளத்தை நோக்கித் திரும்புகிறார்கள், எவ்வளவு நேரம் பந்தைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பவற்றைக் காணொளிகளில் பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துவந்தார். ஆட்டத்தின் பிற்பகுதியில் தமக்கு அழைப்பு வரலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். குளிர்ந்த இரவில் தசைகள் இறுகிவிடாதபடி உடலைத் தளர்த்தும் பயிற்சிகளையும் செய்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் ரிவேரா பந்து வீசியபோது, ராபர்ட்ஸ் மாற்று ஓட்டக்காரராக வந்து இரண்டாம் தளத்தைத் திருடியிருந்தார். அந்த அனுபவமும் அவருக்குத் துணையாக இருந்தது.

இன்னொரு துணையும் இருந்தது. டாட்ஜர்ஸ் அணியில் இருந்தபோது அவருக்கு மௌரி வில்ஸ் என்ற முன்னாள் ஆட்டக்காரர் பயிற்சி அளித்திருந்தார். வில்ஸ் சாதாரணமானவர் அல்லர்; 1962ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் 104 தளங்களைத் திருடியவர். அரங்கில் உள்ள அனைவரும் நீ ஓடப்போகிறாய் என்று அறிந்திருக்கும் வேளையில் நீ ஓட வேண்டிய நாள் ஒன்று வரும்; அன்று அஞ்சக்கூடாது என்று அவர் ராபர்ட்ஸிடம் கூறியிருந்தார். முதல் தளத்தில் நின்றபோது அந்தச் சொற்கள் தம் நினைவுக்கு வந்ததாக ராபர்ட்ஸ் பின்னர் பலமுறை கூறியுள்ளார்.

ஓடலாமா, வேண்டாமா?

ராபர்ட்ஸ் ஓடியதை வெறும் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. அதன் பின்னே தெளிவான கணக்கு இருந்தது.

முதல் தளத்தில் நிற்பவர், மட்டையாளர் சாதாரணமாக ஒரு பந்தை அடித்தால் பெரும்பாலும் இரண்டாம் தளத்தையோ மூன்றாம் தளத்தையோதான் அடைய முடியும். இரண்டாம் தளத்தில் நிற்பவரோ அதே அடியில் வீட்டுத் தளத்தை அடைந்துவிடக்கூடும். ஆகவே, முதல் தளத்திலிருந்து இரண்டாம் தளத்திற்கு முன்னேறுவது, சமநிலையை எட்டுவதற்கான வாய்ப்பைப் பெரிதும் கூட்டும்.

முன்னேற வேறொரு வழியும் உண்டு. மட்டையாளர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டுத் தாம் ஆட்டமிழந்து, ஓட்டக்காரரை இரண்டாம் தளத்திற்கு அனுப்பலாம். ஆனால், அதற்கு விலை உண்டு. எஞ்சியிருக்கும் மூன்று வாய்ப்புகளில் ஒன்று போய்விடும். தளத்தைத் திருடுவதில் வெற்றி பெற்றால் எந்த வாய்ப்பும் குறையாது. தோற்றாலோ ஓட்டக்காரரும் போவார். ஒரு வாய்ப்பும் போகும். எனவே, பிடிபடாமல் ஓடும் ஆற்றல் உறுதியாக உள்ளவரே இந்த உத்தியைக் கையாள வேண்டும். அந்தப் பருவத்தில் ராபர்ட்ஸ் 41 முறை முயன்று 38 முறை வெற்றி பெற்றிருந்தார். பத்தில் ஒன்பது முறைக்கும் மேல் அவர் பிடிபடவில்லை.

இப்போது நொடிக் கணக்கைப் பார்ப்போம். பந்து வீசுபவர் எறியத் தொடங்கியதிலிருந்து பந்து பிடிப்பாளரின் கையுறையை அடைய ஏறத்தாழ 1.3 நொடி ஆகும். பந்து பிடிப்பாளர் எழுந்து, ஏறத்தாழ 38.8 மீட்டர் தொலைவில் உள்ள இரண்டாம் தளத்திற்குப் பந்தை எறிய ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஆக மொத்தம் 3.3 நொடி. ஓட்டக்காரர் முதல் தளத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் முன்னே தள்ளி நின்றுகொள்வார். எஞ்சிய தூரத்தைக் கடக்க, மிக வேகமாக ஓடுபவருக்கும் அதே மூன்று நொடிக்குச் சற்று அதிகமான நேரம் தேவைப்படும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. சற்று முந்தி ஓடினால் பந்து வீசுபவர் முதல் தளத்திற்கே பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்துவிடுவார். சற்றுப் பிந்தினால் இரண்டாம் தளத்தில் பந்து காத்திருக்கும்.

அந்த மூன்று நொடி

அரங்கில் இருந்த அனைவருக்கும் ராபர்ட்ஸ் ஓடப்போகிறார் என்பது தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். மட்டையாளர் பில் மியூலருக்கு ஒரு பந்தைக்கூட எறிவதற்கு முன், ரிவேரா திரும்பி முதல் தளத்திற்குப் பந்தை எறிந்தார். ராபர்ட்ஸ் பாய்ந்து தளத்தைத் தொட்டார். ரிவேரா இரண்டாம் முறை எறிந்தார். மூன்றாம் முறையும் எறிந்தார். அம்முறை ராபர்ட்ஸ் மயிரிழையில்தான் தப்பினார்.

ஓட்டக்காரரை அச்சுறுத்தி, தளத்தை விட்டு அதிகம் நகராமல் வைத்திருக்கவே இப்படி எறிவார்கள். ஆனால், இங்கு நேர்மாறான பலன் கிடைத்தது. நெடுநேரம் அமர்ந்திருந்து குளிரிலும் பதற்றத்திலும் இறுகியிருந்த உடல், அந்த மூன்று பாய்ச்சல்களால் தளர்ந்து விழித்துக்கொண்டதாக ராபர்ட்ஸ் பின்னர் கூறினார். மூன்றாவது எறிதலுக்குப் பிறகு, தாம் நாள் முழுதும் ஆடிக்கொண்டிருந்ததைப் போன்ற உணர்வு அவருக்கு வந்துவிட்டது.

ரிவேரா மியூலரை நோக்கி முதல் பந்தை எறியத் தொடங்கிய கணத்தில் ராபர்ட்ஸ் புறப்பட்டார். பந்து பிடிப்பாளர் ஹோர்ஹே பொசாடா பந்தைப் பிடித்த வேகத்தில் எழுந்து இரண்டாம் தளத்தை நோக்கி எறிந்தார். அது நல்ல எறிதல். அங்கே டெரெக் ஜீட்டர் பந்தைப் பிடித்துக் கையுறையைக் கீழே கொண்டுவந்தார். ராபர்ட்ஸ் தலைமுன்னாகப் பாய்ந்தார். கையுறை அவர் உடலைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பே அவருடைய கை தளத்தைத் தொட்டுவிட்டது. நடுவர் இரு கைகளையும் விரித்தார். ஓட்டக்காரர் பிழைத்துக்கொண்டார்!

அடுத்து நடந்தது விரைவாக முடிந்தது. மியூலர் பந்தை ரிவேராவைக் கடந்து நடுத்திடலுக்கு அடித்தார். இரண்டாம் தளத்தில் இருந்த ராபர்ட்ஸ் மூன்றாம் தளத்தைச் சுற்றி வீட்டுத் தளத்தை அடைந்தார். கணக்கு 4க்கு 4. முதல் தளத்திலேயே அவர் நின்றிருந்தால், அந்த அடியில் வீட்டுத் தளத்தை அடைந்திருக்கவே முடியாது.

பலர் சேர்ந்து இழுத்த தேர்

சமநிலை வந்துவிட்டது; ஆனால் வெற்றி இன்னும் வரவில்லை. அதே சுற்றில் மூன்று தளங்களிலும் ஆள்கள் நிற்க, ரெட் சாக்ஸ் அணியின் வலிமையான மட்டையாளர் டேவிட் ஓர்ட்டிஸ் ஆட வந்தார். ஓர் அடி போதும்; ஆட்டம் முடிந்துவிடும். ஆனால், அவர் அடித்த பந்து உயரே எழும்பி எதிரணியின் கையில் விழுந்தது. ஆட்டம் கூடுதல் சுற்றுகளுக்குச் சென்றது.

இந்த இடத்தில் மற்றவர்களின் பங்கையும் மறக்கக்கூடாது. ரெட் சாக்ஸ் அணியின் கீத் ஃபோல்க் ஏழாவது சுற்றில் வந்து, 50 பந்துகளை எறிந்து, யாங்கீஸ் அணிக்கு ஓர் ஓட்டத்தையும் கொடுக்காமல் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தார். பதினோராவது சுற்றில் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் மூன்று தளங்களிலும் நின்றபோது, கர்ட்டிஸ் லெஸ்கானிக் வந்து மூன்றாவது ஆட்டமிழப்பைப் பெற்றுத் தந்தார். இவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் ராபர்ட்ஸின் ஓட்டம் எவருடைய நினைவிலும் தங்கியிருக்காது. 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பார்களே, அதுபோலத்தான் இதுவும்.

பன்னிரண்டாவது சுற்றில் மேனி ராமிரெஸ் பந்தை அடித்து முதல் தளத்தை அடைந்தார். அடுத்து வந்தவர் மீண்டும் ஓர்ட்டிஸ். ஒன்பதாவது சுற்றில் அணியைக் கரையேற்றத் தவறிய அதே ஓர்ட்டிஸ், இம்முறை பால் குவான்ட்ரில் எறிந்த பந்தை வலப்பக்க எல்லையைத் தாண்டி அடித்தார். ஹோம் ரன்! ரெட் சாக்ஸ் 6க்கு 4 என்ற கணக்கில் வென்றது. அப்போது நேரம் அதிகாலை ஒரு மணியைத் தாண்டியிருந்தது. ஆட்டம் ஐந்து மணி நேரத்திற்கும் மேல் நீடித்திருந்தது.

அதன் பிறகு

அந்த வெற்றி மதகைத் திறந்துவிட்டது. அன்று மாலையே தொடங்கிய ஐந்தாவது ஆட்டத்திலும் ரெட் சாக்ஸ் பின்தங்கியிருந்து மீண்டது. அங்கும் எட்டாவது சுற்றில் மிலாருக்குப் பதிலாக ஓட வந்த ராபர்ட்ஸ் சமநிலைக்குரிய ஓட்டத்தை எடுத்தார். பதினான்காவது சுற்றில் ஓர்ட்டிஸின் அடி வெற்றியைத் தந்தது. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களை நியூயார்க்கிலேயே வென்று ரெட் சாக்ஸ் தொடரைக் கைப்பற்றியது. மூன்று ஆட்டங்களைத் தோற்ற பிறகு நான்கையும் வென்ற முதல் பேஸ்பால் பெருந்தொடர் அணி என்ற பெருமையைப் பெற்றது. பின்னர், இறுதிப் போட்டியில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தி, 86 ஆண்டு காத்திருப்பை முடித்துவைத்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்த இறுதிப் போட்டியின் நான்கு ஆட்டங்களிலும் ராபர்ட்ஸ் களமிறங்கவில்லை. அவரை அழைக்க வேண்டிய தேவை எழவில்லை. டிசம்பர் மாதத்தில் அவர் வேறோர் அணிக்கு மாற்றப்பட்டார். பாஸ்டனில் அவர் ஆடியது சில மாதங்கள் மட்டுமே. ஆயினும், அந்த நகர மக்கள் இன்றுவரை அவரைத் தங்களுள் ஒருவராகவே கொண்டாடுகின்றனர். பின்னாளில் டாட்ஜர்ஸ் அணியின் நிர்வாகியான ராபர்ட்ஸ், 2020ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் அந்த அணியை உலகத் தொடர் வெற்றிக்கு வழிநடத்தினார்.

தோற்றவரைப் பற்றியும் ஒரு சொல். 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாங்கீஸ் அணி மீண்டும் ஃபென்வே பார்க் அரங்குக்கு வந்தது. ஆட்டம் தொடங்குமுன் ரிவேராவின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து அவருக்குக் கைதட்டினார்கள். தங்கள் வெற்றிக்கு அவர் உதவினார் என்ற கேலியே அது. ரிவேரா சினம் கொள்ளவில்லை. சிரித்தபடியே தொப்பியை உயர்த்தி அவர்களுக்கு நன்றி தெரிவித்தார். தம் திறமையில் நம்பிக்கை உள்ளவரால்தான் தோல்வியை இப்படி ஏற்க முடியும். அதன்பின்னும் அவர் பல ஆண்டுகள் தலைசிறந்தவராகவே விளங்கினார்.

2004ஆம் ஆண்டின் அந்த இரவைப் பற்றிப் பேசுவோர் பலர் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுவர். ஜீட்டரின் கையுறை ஒரு கணம் முந்தியிருந்தால் வரலாறே மாறியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால், அந்த ஒரு கணத்தை ராபர்ட்ஸ் அன்றிரவு பெறவில்லை. தமக்கு அழைப்பு வருமா என்றே தெரியாத நாள்களில், எவரும் பார்க்காத அறையில் அமர்ந்து, பந்து வீசுபவர்களின் கால்களை உற்றுநோக்கிய நேரத்தில்தான் பெற்றார். அரங்கில் இருந்தோர் கண்டது மூன்று நொடி ஓட்டம். அவர்கள் காணாதது அதற்கு முன்னிருந்த நெடுங்காலக் காத்திருப்பு.